முசியே கோவிந்தசாமியின் தோள்பட்டை

1

“முசியே கோவிந்தசாமி!”

காத்திருப்பு அறையில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்தேன். எழும்போதே இரண்டு தோள்களும் காதுப் பக்கம் ஏறிக்கொண்டன. இடது தோள் சுரீர் என்று இழுத்தது. வாசலில் நின்று கூப்பிட்ட பெண்மணி அதைக் கவனித்துவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். முசியே என்பது இங்கே ‘ஐயா’ மாதிரி. கோவிந்தசாமி என் பெயர் அல்ல, என் அப்பாவின் பெயர். அவர் காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் இன்றைக்கும் வயலுக்குப் போய் ஆட்களை விரட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். என் பெயர் சேகர். நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. பிரான்சுக்கு வந்த புதிதில், அது இல்லாமல் ஆகாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து வங்கியிலும் வேலையிலும் பல் மருத்துவரிடத்திலும் நான் கோவிந்தசாமி. அப்பா பெயர் என்ன என்று யாராவது கேட்டால்கூடச் சற்றுத் தணிந்த குரலில் சொல்லிப் பழகியவன் நான். இங்கே தபால்காரர் தெருவுக்கே கேட்கும்படி அதைக் கூவுகிறார், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

என் மனைவி விஜயாவின் நிலைமை இன்னும் மோசம். அவள் காரைக்கால் டவுன்காரி. அவளுடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கியவர். அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நான் இங்கே வந்து சேர்ந்தேன். வந்த இடத்தில் அவள் மதாம் கோவிந்தசாமி, அதாவது திருமதி கோவிந்தசாமி ஆகிவிட்டாள்.

“மாமனார் பேர வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாதுன்னு வளத்தாங்க. இங்க என்னடான்னா அவருக்கே என்னைக் கட்டிவெச்சுட்டாங்க” என்பாள்.

இந்த ஆண்டோடு நாங்கள் வந்து இருபத்தைந்து ஆண்டுகள் முடிந்தன. அதைக் கொண்டாடுவது போல என் இடது தோள் வேலைநிறுத்தம் செய்தது.

2

நான் நகராட்சிப் பணிமனையில் மின் பழுது பார்ப்பவன். ஏணியில் ஏறிக் கையைத் தூக்கினால்தான் எனக்குச் சம்பளம். ஒருநாள் காலையில் சட்டை போடும்போது கை பாதி வழியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. விஜயா வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவது போலச் சட்டையை மாட்டிவிட்டாள்.

படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், உறைந்துபோன தோள் என்றார். பயிற்சிக்கு ஓர் ஆளிடம் அனுப்பினார். பயிற்சி கொஞ்சம் உதவியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. தூக்கம் எப்படி, பசி எப்படி என்று மருத்துவர் விசாரித்தார். வழக்கம்போல “சவா, சவா” என்றேன். நல்லா இருக்கேன் என்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை. அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மதாம் கிளேர் என்பவரின் முகவரியைக் கொடுத்தார். உடலையும் மனத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவராம். பேசுவார், மூச்சைக் கவனிக்கச் சொல்வார், உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்பார்.

விஜயாவிடம் சொன்னேன்.

“மூச்சு விடறதுக்கு அப்பாயின்ட்மென்ட்டா? ஏங்க, இத்தன நாளா விடாமயா இருந்தீங்க?”

போனால், அன்று வாசலில் நின்று கூப்பிட்ட பெண்மணிதான் கிளேர். செருப்பைக் கழற்றச் சொன்னார். அது எனக்குப் பிடித்தது. ஐம்பது வயதிருக்கும், வெறுங்காலோடு நின்றார். அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு கம்பளம், ஒரு புத்தக அலமாரி.

“உங்களுக்கு எந்தத் தூரம் சௌகரியமோ அங்கே நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.”

“எங்கே வேண்டுமானாலும் சரி, மதாம்.”

“உங்களைக் கேட்கவில்லை. உங்கள் வயிற்றைக் கேட்கிறேன்.”

காரைக்காலில் இருந்து கும்பகோணம் போகும் பேருந்தில் மடியில் யார் வீட்டுப் பிள்ளையோ, கால் மேல் யார் வீட்டு வாழைத்தாரோ என்று பயணம் செய்தவன் நான். எந்தத் தூரம் சௌகரியம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. சரி, கேட்கிறாரே என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். புத்தக அலமாரி முதுகில் இடித்தபோதுதான் வயிறு தளர்ந்து மூச்சு இறங்கியது. எனக்கே வியப்பாக இருந்தது.

“அங்கிருந்து பேசினால் இருவரும் கத்த வேண்டியிருக்கும். பரவாயில்லை, கத்தலாம்” என்று சிரித்தார்.

அப்படிக் கத்திக்கொண்டே, இப்போது வயிற்றில் என்ன நடக்கிறது என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது நம் ஊர்ப் பேச்சுதான். அதை அப்படியே பிரெஞ்சில் போட்டேன். “வயிற்றில் புளியைக் கரைக்கிறது, மதாம்.”

“யார் கரைக்கிறார்கள்?”

யார் என்று சொல்வது! அவருக்குப் புளி என்றால் என்னவென்றே தெரியவில்லை. அடுத்த வாரம் நம் ஆட்கள் கடையில் ஓர் உருண்டை வாங்கிக்கொண்டு போனேன். நான் தடுப்பதற்குள் நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு கண் மூடிக்கொண்டது. தோள் இரண்டும் காதுக்கு ஏறின. என் தோளைப் போலவேதான்.

“இதுவா உங்கள் வயிற்றில்? எத்தனை நாளாக?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நினைக்காமலே வாயில் வந்தது: “என் மகள் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து.”

3

எங்களுக்கு யாழினி ஒரே பெண். மருந்தாளர் படிப்பில் சேர்ந்து நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாலை சமையலறைக்கு வந்தாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், அன்றைக்குத் தமிழிலேயே தொடங்கினாள். ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

“அப்பா, மருந்துப் படிப்ப விட்டுட்டேன். ரொட்டி சுடக் கத்துக்கப் போறேன். லியோன்ல எடம் கெடச்சிருக்கு.”

ஏன் என்று நிறையச் சொன்னாள். மாவு கைக்குள் உயிரோடு இருக்கிறது என்றாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. முழுவதையும் கேட்டேன். கடைசியில் “சரி” என்றேன். அவள் இன்னும் ஏதோ வரும் என்பது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை.

“சுவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்த மாதமே லியோனுக்குப் போனாள். அம்மாவிடம் தினமும் பேசுவாள். எனக்குச் செய்தி அனுப்புவாள். “சவா?” என்பாள். நானும் “சவா” என்பேன். மகள் கையில் இருந்து நழுவிக்கொண்டிருக்கிறாள், எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. இந்த ஒரு விஷயம்தான் என் மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் ஊரில் இருந்து தம்பி பேசினான். அப்பாவுக்கு எண்பது நிறைகிறது, தை மாதத்தில் சதாபிஷேகம், மூத்தவன்தான் முதல் கலசம் ஊற்ற வேண்டும். உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா தலைக்கு மேல் இரண்டு பேர் சல்லடையைப் பிடிப்பார்கள். அதற்கும் மேலே கலசத்தைத் தூக்கி ஊற்ற வேண்டும். எனக்கோ கை சட்டைப் பைக்கு மேல் போகவில்லை. யாழினியும் ஊருக்கு வருவதாக விஜயாவிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் இல்லை. ஊரிலும் பத்து நாள் சுவராகவே நின்றுவிட்டுத் திரும்பி வரப்போகிறேனோ என்பதுதான் எனக்குக் கைவலியைவிடப் பெரிய பயமாக இருந்தது.

4

வாரங்கள் போகப் போக என் நாற்காலி அலமாரியில் இருந்து நகர்ந்து கம்பளத்தின் ஓரத்துக்கு வந்திருந்தது. ஒருநாள் கிளேர் சொன்னார்.

“நான் எதையாவது முக்கியமாகச் சொன்னால் உடனே கைகளைக் கட்டிக்கொள்கிறீர்கள். அப்போது எனக்கு என்ன ஆகிறது என்று சொல்லட்டுமா? வேண்டாத விருந்தாளி போல உணர்கிறேன். பேச்சைச் சுருக்கிக்கொள்கிறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ மதாம், இது மரியாதை!”

பள்ளிக்கூடத்தில் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்று உட்காரவைத்ததைச் சொன்னேன். அப்பா பேசினால் கைகட்டி நின்றுதான் கேட்போம் என்றேன். கோவிந்தசாமி என்பது அவர் பெயர்தான் என்பதையும் சொன்னேன். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால்தான் திமிர். அவர் எழுந்தார். காட்டுங்கள் என்றார். காட்டினேன். அவரும் அதே மாதிரி கட்டிக்கொண்டு தலையைச் சற்றுத் தாழ்த்தி எதிரே நின்றார். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மாட்டிக்கொண்ட இரண்டு பிள்ளைகள் மாதிரி நாங்கள் நின்ற நிற்பைப் பார்த்து இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்கள் முதல் நாள் எழுந்தபோது உங்கள் தோள் காதுவரை போனது. ஏன் என்று இப்போது புரிகிறது. நான் கூப்பிட்டது உங்கள் அப்பாவை.”

அன்றிலிருந்து என்னைச் சேகர் என்றே கூப்பிட்டார்.

“சரி, சேகர். இப்படி யார் யார் முன்னால் நிற்பீர்கள்?”

“அப்பா. வாத்தியார். கோயில் குருக்கள். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மாள்.”

“உங்கள் மகள் முன்னால்?”

“சே! பெற்ற பிள்ளை முன்னால் யாராவது கைகட்டி நிற்பார்களா?”

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு நின்றது. தோளில் யாரோ திருகாணியை முறுக்குவது போல இருந்தது. அந்த மாலை கண்ணுக்கு முன்னால் வந்தது. சமையலறை. குளிர்ப்பெட்டியில் முதுகு சாய்ந்தபடி நான். என் இரண்டு கைகளும் நெஞ்சின் மேல் கட்டியிருந்தன.

அன்று என் தலைக்குள் ஓடியது எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் என்ன சொல்வது, இவ்வளவு படித்துவிட்டு விடிவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசையவா, நாளைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள், இப்படியே. தலை அப்படிப் பதறிக்கொண்டிருந்த நேரத்தில் கைகள் வேறு வேலை பார்த்திருக்கின்றன. தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்துவிட்டு வந்து நிற்கிற ஒருத்தியின் முன்னால் அவை தாமாகவே கட்டிக்கொண்டன. நான் அவளை மதித்தேன் என்பது எனக்கே தெரியவில்லை, என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அவளோ இந்த ஊரில் வளர்ந்தவள். கைகட்டினால் கதவைச் சாத்துவதாகப் பொருள் என்று பழகியவள்.

அழுதுவிட்டேன். ஐம்பது தாண்டிய ஆள், செருப்பில்லாத காலோடு, அந்நியர் ஒருவர் முன்னால் விசும்பி விசும்பி அழுதேன். அருகில் வரலாமா என்று கேட்டார் கிளேர். தலையை நம் ஊர் வழக்கப்படி ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று புரியாமல் மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். வந்து என் இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். தூக்கவில்லை, அழுத்தவில்லை, அங்கே வைத்திருந்தார், அவ்வளவுதான்.

“வலித்தால் சொல்லுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.”

“வலிக்கிறது” என்றேன். சொன்னதும் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. என் பயிற்சியாளரைக் கேட்டால், அது தான் கொடுத்த பயிற்சியால்தான் என்கிறார். இருக்கலாம். அவர் மனதை ஏன் நோகடிப்பானேன்!

இதை யாழினியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கைபேசியில் நீளமாக எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். கடைசியில் “சவா?” என்று அனுப்பினேன்.

5

குரும்பகரம் போய்ச் சேர்ந்த அன்றே தம்பி காரைக்கால்மேட்டுக்குப் போய் ஏலத்தில் நல்ல வஞ்சிர மீனாகப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். மறுநாளில் இருந்து விசேஷ வீடு, கவிச்சி கூடாது. அதனால் மொத்தத்தையும் ஒரே வேளையில் தீர்க்க வேண்டிய கட்டாயம். லியோனிலிருந்து வந்திருந்த யாழினி சளைக்கவில்லை.

திருக்கடையூருக்குப் போய்ச் செய்யலாம் என்றுதான் தம்பி சொல்லியிருந்தான். “அங்க ஒரே நேரத்துல நாப்பது கெழவன் கெழவி உக்காந்திருப்பாங்க. அந்தக் கூட்டத்துல யாரு தலையில யாரு ஊத்துறான்னே தெரியாது. நம்ம வாசல்லயே ஊத்துங்க” என்று அப்பா சொல்லிவிட்டார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. அப்பா பந்தலுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பந்தல்காரரில் இருந்து சமையல்காரர் வரை எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு வாழைமரம் கட்டியதில் இருக்கும் கோணலைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் பந்தல்காரரை அதட்டப் போனதும் யாழினி பக்கத்தில் வந்தாள். பூ தொடுக்கும் பெண்களோடு உட்கார்ந்திருந்தவள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“ஏம்ப்பா, தாத்தா மேல கோவமா?”

“கோவமா? எனக்கு என்னம்மா கோவம்?”

“கையக் கட்டிக்கிட்டு நின்னீங்களே.”

“பெரியவங்க பேசுறப்ப அப்படித்தாம்மா நிக்கணும். அது மரியாதை.”

பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். தம்பி சமையல்காரப் பெரியவரிடம் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். ஐயர் வந்து சாமான் கேட்டபோது என் சித்தப்பாவும் அப்படியேதான் நின்றார். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கோபமாக இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினாள். குரல் சிறுத்துவிட்டது.

“அப்ப... நான் ரொட்டி சுடப் போறேன்னு வந்து சொன்னப்ப?”

எனக்கு வயிற்றில் மறுபடியும் புளி. ஆனால் இந்த முறை ஓடி ஒளிய அலமாரி இல்லை. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

“அன்னிக்கும் அப்படித்தாம்மா. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா நீ பேசுனது பெரிய பேச்சாப் பட்டுச்சு. கை தானா கட்டிக்கிச்சு. எனக்கே இப்பதான் தெரியும்.”

“இத சொல்ல இத்தன நாளாப்பா?”

“சவான்னு அனுப்பினேனே.”

அடப்பாவி என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். சத்தம் கேட்டு அப்பா அங்கிருந்தே அதட்டினார்.

“என்னாடா அங்க சிரிப்பு? ஏம்மா யாழினி, பன்னு சுடுறியாமே, நடுவுல க்ரீம் வெப்பியா?”

“வெப்பேன் தாத்தா. சொந்தக் கடையே போடப் போறேன். கடைக்குப் பேரு கோவிந்தசாமி.”

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. பிறந்ததிலிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை. விஜயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சொந்தக் கடை என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும். என் கைகள் மெல்ல நெஞ்சுப் பக்கம் ஏறுவதை யாழினி கவனித்துவிட்டாள்.

“மரியாதையாப்பா?”

“ஆமாம்” என்றேன்.

6

மறுநாள் அப்பாவும் அம்மாவும் மணைப்பலகையில் உட்கார்ந்தார்கள். அப்பாவை நான் தொட்டுப் பேசியதே கிடையாது. காலில் விழும்போது பாதத்தைத் தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சல்லடையை இரண்டு பக்கமும் தம்பியும் சித்தப்பாவும் பிடித்தார்கள். ஐயர் கலசத்தை என் கையில் கொடுத்தார். வெள்ளி அல்ல, பித்தளை. அதுவும் நிறையத் தண்ணீர்.

வலது கை மேலே போனது. இடது கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. கலசம் சாய்ந்து என் வேட்டியில் ஊற்றியது. நாதஸ்வரக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு வாசித்தார். “ஊத்துடா, ஏன் நிக்கிற?” என்று அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார். ஊரே நின்றுகொண்டிருந்தது. தம்பி சல்லடையை விட்டுவிட்டுக் கை கொடுக்கலாமா என்று பார்த்தான். என் தோள்கள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டன.

அப்போது இடது முழங்கைக்குக் கீழே ஓர் உள்ளங்கை வந்து நின்றது. மாவு பிசைந்து பிசைந்து காய்த்துப்போன கை. நான் கிளேரைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவள் தள்ளவில்லை, அவசரப்படுத்தவில்லை. மாவு பொங்குவதற்குக் காத்திருப்பவர்களுக்கு அது தெரியும்போல. மூச்சு இறங்கியது. தோள்கள் இறங்கின. கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது.

“வலிக்குதாப்பா?”

ஒண்ணுமில்லம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது.

“வலிக்குது” என்றேன். “கைய எடுத்துடாத.”

“எடுக்க மாட்டேன்.”

இருவருமாகச் சேர்ந்து கலசத்தைச் சாய்த்தோம். சல்லடையின் எல்லாக் கண்களிலும் இருந்து தண்ணீர் அப்பாவின் தலையிலும் அம்மாவின் தலையிலும் இறங்கியது. “ஏ, கண்ணுல போவுதுடா!” என்று கத்தினார் கோவிந்தசாமி. நான் கலசத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, என் வெறுங்கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். யாழினியின் கை இன்னும் என் முழங்கையில்தான் இருந்தது.